மலிவு விலை ஃபிக்ஸட் கியர் சைக்கிளுக்குப் பின் ஹப்: பணத்தை எதில் போடுவது?

கேள்வி இதுதான். லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கும் ஒருவரிடம் 1980களில் வந்த ராலே எஃகு ஃபிரேம் ஒன்று இருக்கிறது. பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 126 மி.மீ., அச்சு நுழையும் பிளவான டிராப்-அவுட் படுக்கைவாட்டில் உள்ளது, கூடவே ஃப்ரீவீல் (மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரத்தைச் சுழலவிடும் பல்சக்கரம்) திருகும் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) கொண்ட பழைய பின்சக்கரமும் வந்திருக்கிறது. இதை ஃபிக்ஸட் கியர் வண்டியாக, அதாவது பெடலோடு சேர்ந்தே பின்சக்கரம் சுழலும் வண்டியாக, மாற்ற நினைக்கிறார். வண்டி முழுவதற்கும் 250 பவுண்டுக்கு மேல் செலவழிக்க அவருக்கு வழியில்லை. பழைய ஹப்பிலேயே ஒற்றைப் பல்சக்கரத்தைத் திருகி, பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் கிராங்குகளைத் தாங்கும் அச்சுப் பகுதியின்) லாக்ரிங்கை, அதாவது பூட்டு வளையத்தை, வைத்து இறுக்கிவிடலாமா, ஃபிக்ஸட் கியருக்கென்றே செய்த மலிவான டிராக் ஹப் ஒன்றை வாங்கலாமா, அல்லது இன்னும் சில மாதம் பொறுத்துப் பணம் சேர்த்து ஷிமானோவின் விலையுயர்ந்த டூரா-ஏஸ் ஹப் வாங்கலாமா என்று கேட்கிறார்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஃப்ரீவீல் ஹப்பை இந்த வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம். டூரா-ஏஸுக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. தைவானைச் சேர்ந்த ஃபார்முலா, நோவாடெக் போன்ற நிறுவனங்களின் சாதாரண டிராக் ஹப்பை எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் பணத்தில் தரமான பல்சக்கரமும் எஃகு லாக்ரிங்கும் வாங்குங்கள். ஃபிக்ஸட் கியர் வண்டியில் பின் ஹப் என்பது சக்கரம் சுழலும் அச்சு மட்டுமல்ல, பெடலைப் பின்னுக்கு அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது அதுவே பின் பிரேக்கும்கூட என்பதுதான் இதற்குக் காரணம். பிரிட்டனில் 1983ஆம் ஆண்டின் மிதிவண்டி விதிமுறைகள், சாலையில் ஓட்டும் சைக்கிளுக்கு முன்னும் பின்னும் தனித்தனியே பிரேக் வேண்டும் என்று சொல்லிவிட்டு, பெடலோடு சேர்ந்தே சுழலும் சக்கரம் உள்ள வண்டிக்கு முன்பிரேக் ஒன்றே போதும் என்கின்றன. அதாவது பின் பிரேக்கின் இடத்தில் சட்டம் வைத்திருப்பது பல்சக்கரம் திருகி ஏறும் உங்கள் ஹப்பின் மரையைத்தான். ஆகவே ஹப்பைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மரை. பேரிங், எடை, பளபளப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்த மரை எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பல்சக்கரம் ஏறும் மரை 1.37 அங்குல விட்டமும், அங்குலத்துக்கு 24 சுற்றும் கொண்ட வலப்புற மரை, அதாவது கடிகார முள் திசையில் திருகினால் இறுகுவது. சாதாரண ஃப்ரீவீலுக்கும் இதே அளவுதான், இதை பி.எஸ்.ஏ மரை என்பார்கள். அம்பத்தூரில் தயாரான பி.எஸ்.ஏ சைக்கிளை ஓட்டி வளர்ந்தவர்களுக்குப் பரிச்சயமான அதே பர்மிங்காம் நிறுவனத்தின் பெயர்தான் அது. முன்னோக்கி மிதிக்கும்போது செயின் பல்சக்கரத்தை இறுகும் திசையில் இழுப்பதால் ஒரு சிக்கலும் இல்லை. வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது விசை தலைகீழாகிறது, பல்சக்கரம் கழலும் திசையில் திருகப்படுகிறது. உண்மையான டிராக் ஹப்பில் இதற்காகவே அந்த மரைக்கு வெளிப்புறம் சற்றுச் சிறிய விட்டத்தில், 1.29 அங்குலத்தில், எதிர்த்திசையில் திருகினால் இறுகும் இடப்புற மரை ஒன்று வெட்டப்பட்டிருக்கும். லாக்ரிங் அதில் ஏறிப் பல்சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும். பல்சக்கரம் கழல முயன்றால் அது லாக்ரிங்கையும் தன்னோடு அதே திசையில் இழுக்கும். ஆனால் லாக்ரிங்குக்கு அதுதான் இறுகும் திசை. இந்த எளிய ஏற்பாட்டை நம்பித்தான் ஓட்டுநர் தன் முழு எடையையும் பின்பெடலில் போடுகிறார்.

எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டால் விஷயம் தெளிவாகும். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 170 மி.மீ. நீளக் கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) மேல் தன் முழு எடையையும் பின்னோக்கிச் செலுத்தினால், கிராங்கில் சுமார் 117 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை உண்டாகும். முன்னால் 46 பல், பின்னால் 17 பல் என்றால், அதில் 46க்கு 17 பங்கு, அதாவது ஏறக்குறைய 43 நியூட்டன் மீட்டர், ஹப்பின் மரையைக் கழற்றும் விசையாக வந்து சேரும். 30 செ.மீ. பிடியுள்ள செயின் விப்பை (பல்சக்கரத்தைத் திருக உதவும், செயின் துண்டு பொருத்திய கருவியை) கையால் நன்றாக அழுத்தி நீங்கள் பல்சக்கரத்தை இறுக்கும் விசையும் ஏறக்குறைய இதே அளவுதான் இருக்கும். ஆக, லாக்ரிங் இல்லாத ஹப்பில் இறுக்கும் விசையும் கழற்றும் விசையும் சமமாக நிற்கின்றன. அதற்கு மேல் மிச்சம் எதுவும் இல்லை. இன்னொன்றும் இந்தக் கணக்கில் வெளிப்படுகிறது. மேடுகளுக்காக கியரைக் குறைத்து 39க்கு 18 என்று வைத்தால், அதே எடைக்கு ஹப்பில் 54 நியூட்டன் மீட்டர் வரும். கியர் இலேசாக இருந்தால் மரைக்கும் பாரம் குறையும் என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மை அதற்கு நேர்மாறானது. ஹாரோ குன்றுச் சரிவில் தினமும் இறங்குகிறவர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது பழைய ஃப்ரீவீல் ஹப்புக்கு வருவோம். அதில் இடப்புற மரை கிடையாது. பாட்டம் பிராக்கெட் லாக்ரிங்கும் 1.37 அங்குலம், 24 மரை என்பதால் பல்சக்கரத்துக்கு வெளியே அது அழகாக ஏறிவிடும், ஆகவே வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே திசை மரை. ஒன்றையொன்று அழுத்தி நிற்பதால் உண்டாகும் உராய்வைத் தவிர அவற்றைப் பிடித்து வைக்க வேறெதுவும் இல்லை. பல்சக்கரம் அசைந்துவிட்டால் லாக்ரிங்கையும் சேர்த்துக்கொண்டு கழன்று வரும். லாக்டைட் என்னும் மரைப் பசை போட்டுப் பல ஆண்டுகள் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. முன்பிரேக்கை மட்டும் நம்பி, காலால் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினால் அது நிற்கவும் செய்யும். ஆனால் அவசரத்தில் கால் தானாகவே பின்னுக்கு அழுத்தும். அந்த ஒரு தருணத்தில்தான் கழற்றும் விசை உச்சத்தில் இருக்கும், பிரேக் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். பல்சக்கரம் கழன்றால் கால் வெறுமனே பின்னுக்குச் சுழலும். செயின் பல்லிலிருந்து இறங்கிச் சக்கரத்தில் சிக்கினால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். சைக்கிள் வட்டாரத்தில் இதைச் சூசைட் ஹப் என்று சொல்வதன் காரணம் இதுதான். அந்தச் சக்கரத்தைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒற்றை ஃப்ரீவீலும் முன்பின் பிரேக்குகளும் மாட்டி ஒற்றை கியர் வண்டியாக ஓட்டுவதற்கு அது முற்றிலும் தகுதியானது.

அடுத்து டூரா-ஏஸ். ஷிமானோவின் 7600 வரிசை டிராக் ஹப், ஜப்பானின் கெய்ரின் என்னும் சைக்கிள் பந்தயங்களுக்கு என்.ஜே.எஸ். என்ற தர முத்திரை பெற்ற பொருள். அதன் பேரிங் குண்டுகள் ஓடும் கோனும் கிண்ணமும் மிகத் துல்லியமாகக் கடையப்பட்டவை, மரையும் அப்படியே. அதன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அது கொடுக்கும் கூடுதல் பலன் பெரும்பாலும் பேரிங்கின் வழுவழுப்பிலும் நீண்ட ஆயுளிலும் இருக்கிறது. 250 பவுண்டில் வண்டி முழுவதையும் கட்ட வேண்டியவர் தன் பணத்தின் பெரும்பகுதியை அதில் போட்டுவிட்டு, முன்பிரேக்கிலும் டயரிலும் மிச்சம் பிடிப்பது சரியான கணக்கு ஆகாது. பழையது மலிவாகக் கிடைத்தாலும் மரையை வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்காதீர்கள். மரையின் முகடுகள் கூராகவும் ஒரே உயரத்திலும் இருக்க வேண்டும். முகடு தட்டையாகி, பள்ளத்தில் அலுமினியத் துகள் ஒட்டியிருந்தால் அந்த ஹப்பில் ஏற்கெனவே ஒருமுறை பல்சக்கரம் கழன்று சுழன்றிருக்கிறது என்று பொருள். பழைய பிரெஞ்சு ஹப்பாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. அதன் மரை 34.7 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் கொண்டது, இன்றைய பல்சக்கரம் அதில் பொருந்தாது, பலவந்தமாக ஏற்றினால் இரண்டும் கெடும்.

புதிய மலிவு ஹப் வாங்கும்போது விளம்பரப் படத்தில் தெரியாத சிலவற்றை நேரில் பார்க்க வேண்டும். முதலாவது, அது உண்மையிலேயே டிராக் ஹப்தானா என்பது. பல்சக்கரம் ஏறும் பக்கத்தில் பெரிய மரை, அதற்கு வெளியே ஒரு படி இறங்கிச் சிறிய மரை என்று இரண்டு அடுக்கு தெரிய வேண்டும். ஒரே விட்டத்தில் ஒரே மரை மட்டும் இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அது ஃப்ரீவீல் ஹப்தான்.

இரண்டாவது, லாக்ரிங்கின் அளவு. பெரும்பாலான ஹப்புகளுக்கு 1.29 அங்குலம், இத்தாலியக் கம்பானியோலோ மரபில் 1.32 அங்குலம். வித்தியாசம் 0.03 அங்குலம்தானே என்று நினைக்கக் கூடாது. 1.32 லாக்ரிங் 1.29 ஹப்பில் ஏறத்தான் செய்யும், கையால் திருகும்போது பிடிப்பது போலவும் இருக்கும். ஆனால் மரையின் ஆழத்தில் பாதிக்கும் குறைவாகவே பிடித்திருக்கும், ஸ்பேனரால் இறுக்கும்போதோ முதல் பின்னழுத்தத்திலோ அலுமினிய மரை வழித்துக்கொண்டு போய்விடும். மரை போனபின் ஹப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஹப்போடு வந்த லாக்ரிங்கைத் தொலைத்துவிட்டு வேறொன்று வாங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்றாவதைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை, எனக்கு இதுவே மிக முக்கியம். பல்சக்கரத்தை அடிவரை திருகியபின் அதன் வெளிமுகத்தைப் பக்கவாட்டில் கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள். பெரிய மரை முடியும் விளிம்பைத் தாண்டிப் பல்சக்கரம் ஒரு நூல் அளவாவது வெளியே நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் லாக்ரிங் வந்து பல்சக்கரத்தை அழுத்தும். அடிப்பாகம் மெலிந்த மலிவான பல்சக்கரமாக இருந்தால் பெரிய மரையின் விளிம்பு அதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். லாக்ரிங் அந்த விளிம்பில் முட்டி நின்றுவிடும். கைக்கு நன்றாக இறுகியதாகத் தெரியும், ஆனால் பல்சக்கரத்தை அது தொட்டிருக்கவே இருக்காது. தகட்டிலிருந்து அடித்தெடுத்த பல்சக்கரத்தில் மரையின் அகலமும் குறைவு, பிடிக்கும் சுற்றுகளும் குறைவு. அந்தக் குறைந்த சுற்றுகள் மீதே முழு விசையும் விழுவதால் ஹப்பின் மரையும் சீக்கிரம் தேயும். அதனால்தான் ஹப்பில் மிச்சம் பிடித்த பணத்தைப் பல்சக்கரத்தில் போடச் சொல்கிறேன். அடிப்பாகம் தடிமனாக, முழு அகலத்துக்கும் மரை வெட்டப்பட்ட, கடைந்தெடுத்த எஃகுப் பல்சக்கரத்தைச் சாதாரண ஹப்பில் மாட்டினால், விலையுயர்ந்த ஹப்பில் மட்டமான பல்சக்கரம் மாட்டியதைவிடப் பத்திரமாக இருக்கும்.

ஹப்பின் இரு பக்கமும் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும் தெரிவு உண்டு. ஒருபக்கம் டிராக் மரை, மறுபக்கம் ஃப்ரீவீல் மரை என்று வருவது ஒரு வகை. இரு பக்கமும் டிராக் மரை என்பது இன்னொரு வகை. விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் இரண்டாவதையே எடுங்கள். ஒரு பக்க மரை என்றாவது வீணானால் சக்கரத்தைத் திருப்பி மாட்டி மறுபக்கத்தில் ஓட்டலாம். குறைந்த பணத்தில் வண்டி கட்டுபவருக்கு இதைவிட நல்ல காப்பு கிடையாது. விருப்பப்பட்டால் ஒற்றை ஃப்ரீவீலையும் அந்தப் பெரிய மரையில் ஏற்றலாம். சற்றுக் குறைவான சுற்றுகள் பிடித்தாலும் ஃப்ரீவீலை முன்னோக்கி மட்டுமே இழுப்பதால் அது தாங்கும். ஃப்ரீவீல் பக்கம் ஓட்டும் நாளில் பின் பிரேக்கும் வண்டியில் இருக்க வேண்டும், ஏனெனில் சட்டம் தந்த விலக்கு அப்போது பொருந்தாது.

அளவுக்கு வருவோம். டிராக் ஹப்பின் வழக்கமான அகலம் 120 மி.மீ.; உங்கள் ஃபிரேம் 126. இருபுறமும் 3 மி.மீ. தடிமனுள்ள வளையங்களை அச்சில், லாக்நட்டுக்கு வெளியே போட்டால் சக்கரம் நடுவிலேயே நிற்கும், ஃபிரேமை நசுக்க வேண்டிய அவசியம் இல்லை. எஃகு ஃபிரேம்தானே, நட்டை இறுக்கினால் தானாக ஒடுங்கும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் டிராப்-அவுட்டுகள் இணையாக நிற்காமல் அச்சை வளைக்கும். வளையம் போட்டபின் நட்டின் மரை முழுவதும் அச்சில் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 130 மி.மீ. ஃபிரேமாக இருந்தால் அச்சையே நீளமானதாக மாற்ற வேண்டியிருக்கலாம். நெம்புகோலால் பூட்டும் குயிக் ரிலீஸைத் தவிர்த்து 15 மி.மீ. ஸ்பேனரால் இறுக்கும் நட் வைத்த திட அச்சையே வாங்குங்கள். முன்னுக்கும் பின்னுக்கும் மாறி மாறி இழுபடும் செயின், பிடி தளர்ந்த சக்கரத்தை ஒரு பக்கமாக இழுத்துவிடும், செயின் தொய்ந்தால் கழன்றும் விழும். படுக்கைவாட்டு டிராப்-அவுட் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். செங்குத்து டிராப்-அவுட் என்றால் செயினை இழுத்து நிறுத்த வழியின்றி, வைட் இண்டஸ்ட்ரீஸின் ஈனோ போன்ற, மையம் விலகிய அச்சு கொண்ட ஹப்பைத் தேட நேர்ந்திருக்கும், அதன் விலை உங்கள் கணக்குக்குள் வராது.

120 மி.மீ. டிராக் ஹப்பில் பல்சக்கரம் வண்டியின் நடுக்கோட்டிலிருந்து சுமார் 42 மி.மீ. தள்ளி நிற்கும். உங்கள் பழைய இரட்டைச் செயின்ரிங் (முன்பக்கப் பல்சக்கரம்) கிராங்கையே பயன்படுத்துவதானால், செயின்ரிங்கை உட்புற இடத்தில் மாட்டுங்கள். அது ஏறக்குறைய 41 மி.மீட்டரில் நிற்கும் என்பதால் செயின் நேராக ஓடும். பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்று வெளிப்புறத்தில் மாட்டினால் நான்கைந்து மி.மீ. கோணலாகும், சத்தம் வரும், பல் தேயும், செயின் விழும் வாய்ப்பும் கூடும். ஓரிரு மி.மீ. வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம்.

பேரிங்கைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. லண்டன் மழையில் ஓடும் வண்டிக்கு, மலிவு விலையில், ரப்பர் மூடி போட்ட கார்ட்ரிட்ஜ் பேரிங்கே நல்லது. இவ்வகை ஹப்புகளில் பலவற்றில் 6000 வரிசையின் பொது அளவுப் பேரிங்குகளே இருப்பதால், தேய்ந்தால் எந்தப் பேரிங் கடையிலும் வாங்கித் தட்டி மாற்றலாம். மலிவான கோன்-பால்ஸ் ஹப்பில் கிண்ணத்தில் குழி விழுந்தால் ஹப்போடு போயிற்று. ஸ்போக் கோர்க்கும் விளிம்பான ஃபிளாஞ்ச் பெரியதா சிறியதா என்பது தோற்றத்தைப் பொறுத்த விஷயம், விருப்பம்போல் எடுங்கள். துளை எண்ணிக்கை உங்கள் ரிம்மோடு ஒத்திருக்க வேண்டும், அவ்வளவே.

ரிம்மைப் பற்றிப் பேசும்போது ஒரு செலவுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஹப் மட்டும் வாங்கி, ஸ்போக் வாங்கி, சக்கரம் கோர்ப்பதற்குக் கூலி கொடுத்தால் வரும் தொகைக்குக் குறைவாகவே, அதே வகை ஹப் வைத்துத் தொழிற்சாலையில் கோர்த்த முழுச் சக்கரம் கிடைக்கும். நீங்களே கோர்க்கத் தெரிந்தவராக இல்லாவிட்டால் முழுச் சக்கரத்தையே வாங்குங்கள். இயந்திரத்தில் கோர்த்த சக்கரங்களில் ஸ்போக் இழுவிசை பெரும்பாலும் குறைவாகவும் சீரற்றும் இருக்கும். ஓட்டத் தொடங்குமுன் நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து இழுவிசையைச் சமன் செய்து கோட்டம் எடுத்துவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். பழைய ராலேயில் 27 அங்குலச் சக்கரம் இருந்திருந்தால், புதிய 700சி ரிம் 4 மி.மீ. கீழே அமையும்; முன்சக்கரத்தையும் சேர்த்து மாற்றுவதாக இருந்தால் முன்பிரேக் கட்டை அதுவரை இறங்குமா என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள்.

மாட்டும் முறைதான் மீதி. இரு மரைகளையும் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் போட்டால் கழன்றுவிடும் என்ற பயம் வேண்டாம், வழுக்கலால் மரை இன்னும் ஆழமாக இறுகும், பிறகு கழற்றவும் வரும். பல்சக்கரத்தை முதலில் கையால் மட்டும், தடங்கலின்றி அடிவரை ஓடுகிறதா என்று பார்த்துத் திருகி, பிறகு செயின் விப்பால் இறுக்கி, அதன்மேல் லாக்ரிங்கைக் கொக்கி ஸ்பேனரால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் இறுக்குங்கள். செயினை ஃபிரேமில் சுற்றிச் சக்கரத்தையே நெம்புகோலாக்கி இறுக்கும் வழி ஒன்று உண்டு. அதில் விசை எவ்வளவு போகிறது என்று கைக்குத் தெரியாது, மலிவான அலுமினிய மரைக்கு அது ஆபத்து. பிறகு வண்டியை எடுத்து, பின்னழுத்தம் எதுவும் கொடுக்காமல், முன்பிரேக்கை மட்டும் பயன்படுத்தி, ஏதாவது ஒரு மேட்டில் எழுந்து நின்று மிதித்து ஏறுங்கள். அந்த விசையில் பல்சக்கரம் இன்னும் சற்று உள்ளே போகும், அதனால் லாக்ரிங் தளர்ந்திருக்கும். இறங்கி அதை மறுபடி இறுக்கியபின்தான் காலால் வேகத்தைக் குறைத்துப் பழகலாம். லாக்ரிங்கிலிருந்து பல்சக்கரம் வழியாக ஹப் உடல் வரை நிரந்தர மையால் ஒரே கோடு இழுத்துவையுங்கள். பெடலைப் பின்னுக்கு அழுத்தும்போது ஒரு சிறு தட்டல் கேட்டால், அது செயின் தொய்வா மரை அசைவா என்பதை அந்தக் கோடே சொல்லிவிடும். கோடு மூன்று பாகங்களிலும் ஒட்டி நின்றால் செயினை இழுத்துக் கட்டினால் போதும். விலகியிருந்தால் வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, லாக்ரிங்கைக் கழற்றி மரையைப் பாருங்கள்.